முத்துக் கரையிலிருந்து குருசடைத் தீவு வரை

கோடை விடுமுறையானாலும் கிறிஸ்மஸ் விடுமுறையானாலும் நம் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "இம்முறை எங்கே போகலாம்?" என்பதே. திருத்தலங்களை முடித்துக்கொண்டு மலைநாட்டுப் பக்கம் செல்வோர் பலர். முதுமலையில் வனத்துறை வாகனத்தில் ஏறிப் புலி தென்படுமா என்று புதர்தோறும் கண்களை ஓட்டுவர். தேக்கடியில், 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையால் உருவான ஏரியில் படகேறி, கரையோரம் நீர் பருக வரும் யானைக் கூட்டத்துக்காகக் காத்திருப்பர். நாங்களும் அவ்வாறு சென்றவர்களே. ஆனால் தூத்துக்குடியில் பிறந்து, கடற்காற்றை உண்டு வளர்ந்த நாங்கள், எங்கள் வாசலிலேயே விரிந்து கிடக்கும் கடற்காட்டினை ஒருநாளும் சென்று பார்த்ததில்லை. "தாத்தா, யானை பார்க்க அவ்வளவு தூரம் போனோமே, நம்ம கடலில் என்ன இருக்கிறது?" என்று பேரப்பிள்ளை கேட்டபோது, விடை சொல்ல இயலாது நின்றோம். அந்தக் கேள்வியே சென்ற தை மாதத்தில் எங்களை வழிநடத்திற்று.

மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், நாங்கள் இருவர், எங்கள் தாய்மாமன் ஆக எழுவர் புறப்பட்டோம். மாமாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. "கடலைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறீர்களா?" என்று முதலில் நகைத்தார். பிறகு, "என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்.

முத்து விளைந்த கடல்

பயணத்தைப் பனிமய மாதா பேராலயத்தில் தொடங்கினோம். மணிலாவிலிருந்து 1555ஆம் ஆண்டு கப்பலேறி வந்த மாதாவின் திருவுருவம் அங்கே கொலுவிருக்கிறது. 1982ஆம் ஆண்டு பேராலயம் என்னும் உயர்நிலை அதற்குக் கிடைத்தது. ஆகஸ்ட் 5ஆம் நாள் திருவிழாவுக்கு இக்கரை முழுவதும் திரண்டு வருவதை வாசகர்கள் அறிவர். ஆலயத்தை விட்டு வெளியே வந்தால் கடல். இக்கடலை நம்பியே இவ்வூர் எழுந்தது.

பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராகக் கிடக்கிறது. ஆயினும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பில் அதன் முத்துக்குளிப்புப் பற்றிய செய்தி இடம் பெற்றுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோபோலோவும் இக்கடலில் மூழ்கி முத்தெடுப்போரைப் பற்றி விரிவாக எழுதினார். 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் இக்கரைக்கு வந்தபோது அவர் கண்ட மக்கள் முத்தும் சங்கும் குளிக்கும் பரதவரே.

கடலடியில் முத்துச்சிப்பிகள் அடையாய் ஒட்டி வளரும் பாறைத் திட்டுக்கு எங்கள் பக்கத்தில் 'பார்' என்று பெயர். பார்களிலே சிப்பி முற்றியிருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்து, அரசு அறிவித்த பின்னரே குளிப்பு நடக்கும். ஆண்டுதோறும் நடப்பதன்று, பல ஆண்டு இடைவெளியும் விழும். கடைசியாக 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்றது. அதற்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. 1973ஆம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் கருவை வைத்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். கலை கைகூடியது, ஆயினும் கடலில் தானாய் விளைந்த செல்வம் திரும்பவில்லை.

அந்த 1961ஆம் ஆண்டில் மாமாவுக்கு வயது பதினேழு. எங்கள் தந்தையார் குளியாளி. மாமா கயிறு பிடித்தவர். கல்லைக் காலில் கொண்டு கடலடிக்கு இறங்கும் மனிதனின் உயிர், மேலே வள்ளத்தில் நிற்பவன் கையில் உள்ளது. ஒரு நிமிட நேரத்துக்குள் கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு குளியாளி கயிற்றை அசைப்பான். அசைவு தெரிந்ததும் மேலே இழுத்துவிட வேண்டும். கண் அயர்ந்தால் போயிற்று. ஆகவே அந்தக் கயிற்றை மைத்துனன் கையிலேயே ஒப்படைப்பது வழக்கம் என்பர். தன் அக்காள் தாலியை நினைத்தாவது அவன் விழித்திருப்பான் அல்லவா! "உன் அப்பா கயிறு இன்னும் என் உள்ளங்கையில் உரசுகிறது" என்று மாமா கையை விரித்துக் காட்டினார். பேரப்பிள்ளைகள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தனர்.

தேய்ந்த தீவு

துறைமுகத்தை அடுத்த முயல் தீவுக் கடற்கரைக்குச் சென்றோம். 1974ஆம் ஆண்டு பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கிய துறைமுகத்தில் சரக்குக் கப்பல்கள் ஏறி இறங்கின. மாமாவோ கப்பல்களைப் பார்க்கவில்லை. வடக்கே கைநீட்டி, "அந்தப் பக்கத்தில்தான் வான் தீவு. அதற்கப்பால் காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி. நாலில் ஒன்று இப்போது தண்ணீருக்குள்" என்றார்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் ஒரு மாலைபோல் கோத்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு தீவையும் சுற்றிப் பவளப் பார்கள். 1986ஆம் ஆண்டு இவற்றையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக்கிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தது. பவளத்தில் மட்டும் நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இங்கே கண்டறியப்பட்டுள்ளன. பவளம் என்றால் கல் என்று நாம் எண்ணுகிறோம். அது கல்லன்று, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட குடியிருப்பு. திண்மையான பவளத் திட்டு ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஓர் ஆள் உயரம் வளர நூறாண்டுக்கு மேல் செல்லும்.

"அதைத்தான் நாங்கள் கடப்பாரையால் பெயர்த்தோம்" என்றார் மாமா.

நாங்கள் அதிர்ந்து நின்றோம். 1961க்குப் பின் குளிப்பு இல்லை. சங்கு எடுக்கும் வேலை எல்லா மாதமும் இல்லை. வீட்டிலோ ஏழு வாய்கள். அப்போது கைகொடுத்தது பார்க்கல். பவளக் கல்லை உடைத்து வத்தையில் ஏற்றிக் கரை சேர்த்தால், கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் வாங்குவார் இருந்தனர். "உன் அப்பா எத்தனை வத்தைக் கல் கொண்டு வந்தார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. உன் பள்ளிக்கூடக் கட்டணம் அதில்தான் கட்டினோம். வீட்டுக் கடைக்கால் முதல் பின்சுவர் வரை அந்தக் கல்தான்" என்று மாமா சொன்னார். அவர் குரலில் குற்றவுணர்வும் இல்லை; பெருமையும் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

இத்தனை காலம் அந்த வீட்டில் வாழ்ந்த நமக்குச் சுவர் எதனால் ஆனது என்று தெரியாமற் போயிற்றே என்று நாணினோம். பார் போனால் அலையைத் தடுப்பார் இல்லை, அலை நேரே வந்து மணலை அரிக்கும், தீவு தேயும். விலாங்குசல்லி அவ்வாறே மூழ்கிற்று. வான் தீவு இரு துண்டாகும் நிலைக்கு வந்தது. பவளத்தை எடுப்பது 2001ஆம் ஆண்டு முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுக் கடுங்குற்றமாயிற்று. அதன் பிறகே கல்லெடுப்பு ஓய்ந்தது. வான் தீவைச் சுற்றி 2015ஆம் ஆண்டு முதல் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பார்களை இறக்கி வைத்தனர். அலையின் வேகம் தணிந்து, தீவில் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. மீன்களும் அவற்றை வீடாக்கிக்கொண்டன. நம் கையால் உடைத்ததை நம் கையாலேயே கட்ட முடியும் என்பது ஆறுதல். ஆயினும் ஒருநாளில் உடைத்ததைக் கட்ட ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

இத்தீவுகளில் பொதுமக்கள் தம் விருப்பம்போல் இறங்க அனுமதியில்லை. ஆகவே வனத்துறையினர் வழிகாட்டிகளோடு படகில் அழைத்துச் செல்லும் குருசடைத் தீவுக்குச் செல்வதென்று முடிவு செய்தோம்.

கரையோரச் சாலையில்

மறுநாள் விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். ஊரைத் தாண்டியதும் இருமருங்கும் உப்பளங்கள். குவித்து வைத்த உப்பின் மேல் முதல் வெயில் பட்டுக் கண் கூசிற்று. பாத்தி நீரில் நெடுங்கால் ஊன்றி, கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாய் அமிழ்த்தி இரை தேடின பூநாரைகள். வண்டியை நிறுத்தினோம். சின்னவள், "ரோஜாப்பூ நிறத்தில் கொக்கு!" என்றாள். அந்நிறம் அவை உண்ணும் நுண்ணுயிர்களாலும் பாசியாலும் வருவது என்று மகன் விளக்கினான். காசு கொடுத்துச் சீட்டு வாங்காமலே கிடைத்த முதற் காட்சி அது.

வைப்பாறு, வேம்பாறு என்னும் பழைய கடற்றுறைகளைக் கடந்தோம். வேம்பாற்றில் கருப்பட்டி வாங்காமல் வந்தால் வீட்டில் நுழைய முடியாதென்று மனைவியார் நினைவூட்டினார். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை கடந்து மண்டபம் சேர்ந்தபோது நல்ல வெயில். பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஏறியதும் பிள்ளைகள் இருபுறமும் எட்டிப் பார்த்தனர். 1914ஆம் ஆண்டு முதல் இரயிலைத் தாங்கிய பழைய பாலமும், 2025இல் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலமும் அருகருகே நின்றன.

பாம்பனை அடுத்த குந்துகால் துறையில் படகுகள் காத்திருந்தன. 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கிய இடம் இதுவே. நினைவு மண்டபம் ஒன்று நிற்கிறது.

படகேறினோம்

வழிகாட்டியாக வந்தவர் அருகிலுள்ள மீனவக் குப்பத்து இளைஞர். முதலில் எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். மாமா மட்டும் மறுத்தார். "கடல் எனக்குப் புதிதா தம்பி?" என்றார். இளைஞரோ பணிவு மாறாமல், "உங்களுக்குக் கடலைத் தெரியும் ஐயா, எங்களுக்கு விதி தெரியும். போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். மாமா சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். நெகிழிப் பைகளைக் கரையிலேயே வைத்துவிடச் சொன்னார்கள். சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் எடுத்து வரலாகாது என்றும் எச்சரித்தார்கள்.

தை மாதக் கடல் குளத்து நீர்போல் கிடந்தது. வாடைக் காலத்தில் மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். கச்சான் பெயர்ந்து வீசத் தொடங்கினால் சீறும். சற்று நேரத்தில் நீரின் நிறம் நீலத்திலிருந்து பச்சையாயிற்று. ஓட்டுநர் விசையை நிறுத்தினார். அடியில் கடற்புல் அசைவது தெரிந்தது. அதன் நடுவே மீன்குஞ்சுகள் வெள்ளிப் பொடி தூவினாற்போல் சிதறின.

குருசடை என்னும் பெயரைக் கேட்டதும் நம் கடற்கரை ஊர்களின் குருசடிகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகின் உயிரியல் அறிஞர்கள் இப்பெயரை அறிந்திருப்பது வேறொரு காரணத்தால். முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் இப்பகுதியில் ஆய்வு செய்தனர். இத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927ஆம் ஆண்டு தனி நூலே வெளியிட்டது. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட நிலையில் வைத்துப் பேசப்படும் பலனோகிளாசஸ் என்னும் புழுவை இங்குள்ள மணலில் காணலாம். விலங்கியல் படித்த மருமகள், "கல்லூரியில் இதைப் புட்டியில்தான் பார்த்தேன், மாமா" என்று எங்களிடம் சொல்லி மகிழ்ந்தாள்.

ஆழமற்ற நீரில் பவளம் தெரிந்தது. மான்கொம்பு போல் கிளைத்தது ஒன்று. மனித மூளை போல் மடிப்பு மடிப்பாய் ஒன்று. தேனடை போல் கண் கண்ணாய் ஒன்று. இடையிடையே வெளுத்துச் செத்த திட்டுக்களும் கிடந்தன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறிப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் பேரளவில் அவ்வாறு நேர்ந்தது. வளர்ப்புக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கடற்பாசி ஒன்று தப்பி, இத்தீவுப் பக்கத்துப் பவளத்தின்மேல் போர்வைபோல் படர்ந்து மூச்சடைத்த கதையையும் கேட்டோம்.

திரும்பும் வேளையில் சற்றுத் தொலைவில் நீர் பிளந்தது. கரிய முதுகுகள் மூன்று வளைந்து எழுந்து மறைந்தன. "ஓங்கில்!" என்று மாமா கத்தினார். எண்பது வயதுக் குரல் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஓட்டுநர் துரத்தவில்லை, விசையை அடக்கி நின்றார். துரத்தினால் அவை மிரளும் என்பது ஒன்று. நின்றால் தாமே வரும் என்பது மற்றொன்று. வந்தன. படகின் முன்னே இருமுறை எழுந்து, மூச்சை உஸ் என்று விட்டுச் சென்றன. தேக்கடியில் யானையைக் கண்டபோது கூச்சலிட்ட பிள்ளைகள், இங்கே வாய்பேசாது நின்றனர்.

காணாதது

பிள்ளைகள் பெரிதும் எதிர்பார்த்தது கடற்பசு. எங்கள் பக்கத்தார் ஆவுளியா என்பர். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரை வளரும் இவ்விலங்கு, கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது; குட்டிக்குப் பாலூட்டுகிறது. ஒரு குட்டி ஈன்றால் அடுத்ததற்குச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒன்று மடிந்தாலும் இழப்பு பெரிது. பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு அறிவித்தது. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. "எப்போது பார்க்கலாம்?" என்று பேரன் கேட்டான். "நான் பத்து வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்தேன் தம்பி" என்றார் வழிகாட்டி. மாமா மெல்ல, "நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்" என்றார். அதன்பின் கரை சேரும்வரை யாரும் பேசவில்லை.

யாருக்கு வாழ்வு?

குந்துகாலுக்கு அருகே சின்னப்பாலம் என்னும் ஊர். இங்குள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாய்த் தீவுகளைச் சுற்றிக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வாழ்கிறவர்கள். பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் செல்லத் தடை வந்தது. வழக்கும் பயமும் வந்தன. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாளே பாசி எடுப்பது, பாரைச் சிதைக்காமல் எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான இலட்சுமிக்கு 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீக்காலஜி பரிசு கிடைத்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலைக் காக்கவேண்டும் என்று கரையில் இருந்து சொல்வது எளிது. எங்கள் தந்தையார் கல் உடைத்தது பேராசையால் அன்று. உலைக்கு அரிசி வேண்டியதால். இன்று மீனவ இளைஞர் ஒருவர் படகோட்டி, வழிகாட்டி, அதில் கூலி பெறுகிறார் என்றால், அவருக்குப் பவளம் உயிரோடிருப்பதே ஊதியம். ஆனால் ஆட்கள் மிகுந்து, படகுகள் பெருகி, நங்கூரம் பாரைக் கிழித்தால் பழைய கதையே புதிய வேடத்தில் வரும். இவ்விரண்டுக்கும் நடுவே வழிகாண வேண்டியது நம் எல்லாருடைய பொறுப்பு.

வாசகர்களுக்கு

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். தை முதல் பங்குனி வரை மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியான காலம். காற்று மாறினால் படகு விடமாட்டார்கள். ஆகவே முன்னதாக விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். காலையிலேயே சென்றுவிடுங்கள். தொப்பியும் குடிநீரும் மறவாதீர். பவளத்தின்மேல் கால் வைக்காதீர், அது உயிர். இதைப்போலவே பாக் நீரிணைப் பக்கத்தில் காரங்காடு என்னும் மீனவ ஊரில், அலையாத்திக் காட்டினூடே வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகில் அழைத்துச் செல்கின்றனர். பறவை காண விரும்புவோர்க்கு அது ஏற்ற இடம். பங்கு இளைஞர் குழுவினர் ஆண்டுக்கொருமுறை சுற்றுலா ஏற்பாடு செய்யும்போது இவ்விடங்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

வீடு திரும்பிய மறுநாள் பேரன் பின்கட்டுக்கு எங்களை இழுத்துச் சென்றான். காரை உதிர்ந்த இடத்தில் கல் தெரிந்தது. அதில் தேனடை போல் கண் கண்ணாய்க் கோலம். "தாத்தா, நேற்றுக் கடலில் பார்த்தது!" என்றான். பழைய பின்சுவரை இடித்துவிட்டுப் புதிதாய் எழுப்புவதென்று மகன் ஏற்கெனவே கொத்தனாரிடம் பேசியிருந்தான். அன்று மாலை மாமா, மகன், நாங்கள் எல்லாரும் அச்சுவரின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நூறாண்டுகளாகக் கடலில் வளர்ந்ததை எங்கள் குடும்பம் வீடாக்கி அறுபதாண்டு வாழ்ந்துவிட்டது. அதை இடித்துக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. சுவர் நிற்கட்டும் என்று மகனே சொன்னான். காரை பூசாமல் ஒரு பகுதியை அப்படியே விட்டிருக்கிறோம். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது, யார் எடுத்து வந்தார், ஏன் எடுத்தார், இனி ஏன் எடுக்கலாகாது என்று பேரனே சொல்லிக் கொடுக்கிறான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார்.